ஞானமுத்து அண்ணாச்சியின் பத்து மணி

வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் யாராவது ஒருவர் உங்களிடம் வந்து, "சிஸ்டர், நான் போகட்டுமா, காத்திருக்கட்டுமா?" என்று கேட்பார். ஆஸ்பத்திரி விஷயமாக இருக்கலாம், மகள் கல்யாணமாக இருக்கலாம், இருக்கிற வேலையை விடுவதாக இருக்கலாம். உங்களுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை என்பது கேட்கிறவர் கண்ணில் படாது. நீங்கள் ஊழியத்தில் இருக்கிறீர்கள், அது அவருக்குப் போதும். அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை தப்பாகப் பதில் சொன்னேன். உண்மையைச் சொன்னால் பதிலே சொல்லவில்லை, அழகாக நழுவினேன். அந்தக் கதையைத்தான் இந்த வருஷம் ஊழியத்தில் சேருகிற உங்கள் ஆறு பேருக்கும் எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு சபையில் முப்பது வருஷத்துக்கு மேல் பைபிள் உமனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்படி ஒரு உத்தியோகம் இருப்பது சபைக்கு வெளியே பாதிப் பேருக்குத் தெரியாது. போதகர் என்றால் தெரியும், அங்கி போட்டிருப்பார். எங்களுக்கு அங்கி கிடையாது. ஒரு கைப்பை, ஒரு குடை, குதிகால் தேய்ந்த செருப்பு. வீடு வீடாகப் போய் ஜெபிக்க வேண்டும், பெண்கள் கூட்டம் நடத்த வேண்டும், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க வேண்டும். எப்படி ஜெபிப்பது, எந்தப் பாட்டை எங்கே எடுப்பது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் கை வைக்கவில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர். வாய் நீளமானவள் ஒரே ஒரு முறை வாயைத் திறக்காமல் இருந்ததால் வந்த வினை இது.

இயேசு பரமேறிய நாளுக்கும் பெந்தெகொஸ்தே பண்டிகைக்கும் நடுவில் பத்து நாள். சீஷர்கள் மேல்வீட்டில் ஆவியானவருக்காகக் காத்திருந்த நாட்கள். அதை நினைத்து நம் சபைகளில் காத்திருப்புக் கூட்டம் வைப்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் சபையில் மாலைக் கூட்டத்தோடு பகலில் சங்கிலி ஜெபமும் உண்டு. காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை ஒருவர் மாற்றி ஒருவர் கோவிலில் உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம். அடுத்தவர் உள்ளே வந்த பிறகுதான் இருப்பவர் எழுந்திருக்கலாம். சங்கிலி அறுந்துவிடக் கூடாது.

போதகர் ஐயா மூன்று சபைகளுக்கு ஒருவர். அதனால் இந்த ஏற்பாடு முழுக்க என் கையில்தான். பெரிய சார்ட் தாளில் கட்டம் போட்டு, பெயர் எழுதி, கோவில் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். பத்து நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி, ஆக நூற்றிருபது கட்டம். மேல்வீட்டில் கூடியிருந்தவர்களும் ஏறக்குறைய நூற்றிருபது பேர்தான் என்று படித்திருக்கிறீர்கள். இந்தப் பொருத்தம் எனக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. ஒரு கட்டம்கூடக் காலியில்லாமல் நிரப்புவது என்று வைராக்கியமாக நின்றேன். போகிற வருகிறவர்களையெல்லாம் பிடித்துப் பெயர் எழுதினேன். நூற்றிருபதும் நிரம்பிய அன்று, கர்த்தரே வந்து கையெழுத்துப் போட்டதுபோல அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அதில் பத்துக் கட்டம் ஞானமுத்து அண்ணாச்சியுடையது. பத்து நாளும் காலை பத்து மணி. அவர் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்த்தவர். நாள் முழுக்க நின்றபடி பார்க்கிற வேலை. அந்த வருஷம் புதுச்செருப்பு கடித்து வலது கால் சுண்டுவிரலில் புண். அவருக்குச் சர்க்கரை உண்டு, புண் ஆறவில்லை. நிற்க முடியாமல் லீவு போட்டிருந்தார். "சும்மா வீட்டுல கெடக்கதுக்கு கர்த்தர் சமுகத்துல உக்காருதேன் சிஸ்டர், என் பேரப் போடுங்க" என்று அவராகவே வந்து கேட்டார். நான் எழுதினேன். காலைப் பார்த்தீர்களா என்று கேட்டால், பார்த்தேன். வெள்ளைத் துணி சுற்றியிருந்தது, அதோடு சரி.

நாலாம் நாள், ஞாயிறு மாலைக் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னார். "நாளைக்கு டாக்டரைப் பாக்கப் போறேன். ஆனா என் வைத்தியர் வேற. பத்து நாளும் அவரு முன்னால உக்காருவேன். பெந்தெகொஸ்தே அன்னைக்கு என் காலு சொகமாயிருக்கும்." கூட்டம் மொத்தமும் ஆமென் என்றது. முதல் ஆமென் என் குரல்தான்.

திங்கட்கிழமை தன் ஒரு மணி நேரத்தை முடித்துவிட்டு, மனைவி ரூபியோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். ரூபிக்குத் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனியில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். அவள் ஒரு நாள் லீவு போடுகிறாள் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேரும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். உள்ளே வரச் சொன்னேன். அண்ணாச்சி காலைக் காட்டி, செருப்பைக் கழற்றினால் திரும்பப் போடக் கஷ்டம் என்று வெளியிலேயே நின்றுகொண்டார்.

"ரெண்டு வெரல எடுக்கணுங்காவ சிஸ்டர். நாளைக்கு, புதன்கெழமை, பத்து மணிக்கு வெறும் வயித்தோட வரச் சொல்லிருக்காவ. தள்ளிப் போட்டா மேல ஏறிரும்னு சொன்னாவ. பத்து மணி என் மணியாச்சே. பெந்தெகொஸ்தே முடிஞ்சு திங்கக்கெழமை போனா என்னன்னு பாக்கேன். நீங்க என்ன சொல்லுதிய?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என் மனதில் அப்போது என்ன ஓடியது என்பதை அப்படியே சொல்லிவிடுகிறேன். முதலில் ஓடியது அவர் கால் இல்லை, புதன்கிழமை பத்து மணிக் கட்டம். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னால் சாட்சி சொன்னாரே, இப்போது கத்தி வைக்கப் போனால் சபையில் என்ன பேசுவார்கள் என்று ஓடியது. டாக்டர் சொன்னது மூன்றாவதாகத்தான் வந்தது. வந்ததும் பயமாக இருந்தது. போங்கள் என்றால் விசுவாசத்தைக் கெடுத்தவள் ஆவேன், போகாதீர்கள் என்றால் நாளைக்கு ஏதாவது ஆனால் பழி என்மேல் விழும். ஆகவே நம் தொழிலில் எல்லாரும் ஒளிந்துகொள்கிற இடத்தில் போய் ஒளிந்துகொண்டேன்.

"ஒங்க விசுவாசம் பெருசு அண்ணாச்சி. ஜெபிச்சு முடிவெடுங்க. கர்த்தர் ஒங்களுக்கு உணர்த்துவாரு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அவருக்கு அது ஒரு பதில். தெளிவான பதில். பக்கத்தில் ரூபி தோளில் ஒரு பையோடு நின்றாள். லுங்கி, தட்டு, பிளாஸ்க் எல்லாம் எடுத்து வைத்து, அட்மிஷனுக்குத் தயாரான பை. கம்பெனிக்குப் போகிற வழியில் அதை என்னிடம் காட்டவே கொண்டுவந்தாளோ என்னவோ. "அப்ப நாளைக்கு நான் கம்பெனில லீவு சொல்லணுமா, வேண்டாமா?" என்று கேட்டாள். அண்ணாச்சி அதற்குள் தெருப் பக்கம் திரும்பியிருந்தார், நான் கையசைத்து வழியனுப்பினேன்.

புதன்கிழமை பத்து மணிக்குக் கோவில் பக்கம் போனேன். அண்ணாச்சி பாயில் உட்கார்ந்து, காலை ஒரு துண்டின்மேல் நீட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது. "நீங்க போங்க அண்ணாச்சி, ஒங்க மணி நேரத்தை நான் உக்காருதேன்" என்று சொல்லியிருந்தால் கட்டமும் நிரம்பியிருக்கும், அவர் காலும் இருந்திருக்கும். ஒரு மணி நேரம் உட்கார என்னால் முடியாதா? அது எனக்குத் தோன்றவே இல்லை.

பத்தாம் நாள் சனிக்கிழமை. பதினோரு மணிக்கு உட்கார வேண்டிய டீச்சரம்மா எனக்குப் போன் செய்தார். அண்ணாச்சி எழுந்திருக்க மாட்டேன் என்கிறார், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது என்றார். ஓடினேன். கோவிலுக்குள் நுழைந்ததுமே நாற்றம் தெரிந்தது. துணியை விலக்கிப் பார்த்தேன். விரல்கள் கறுத்துப்போய், பாதம் வீங்கி, சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. நெற்றி கொதித்தது. டீச்சரம்மா அவர் தலைமேல் கைவைத்துச் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார்.

"டீச்சர், ஆட்டோவுல ஜெபிப்போம். மொதல்ல தூக்குங்க" என்றேன்.

கோவிலைப் பூட்டினேன். சங்கிலி அறுந்தது. பதினோரு மணியிலிருந்து ஆறு மணிவரை ஏழு கட்டம் காலி. ஆட்டோவில் என் மடியில்தான் அந்தக் கால் இருந்தது. ஜுர மயக்கத்திலும் அண்ணாச்சி, "சிஸ்டர், சங்கிலி..." என்றார். "சங்கிலி கெடக்கட்டும் அண்ணாச்சி, கண்ணத் தொறந்து எம்முகத்தப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். டீச்சரம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஜெபத்தை நிறுத்தவில்லை. நானும் ஜெபித்தேன். என் ஜெபத்தில் அன்று அலங்காரமாக ஒரு வார்த்தைகூட இல்லை.

ரூபி தளவாய்புரத்திலிருந்து வந்து சேரும்போது சேலை முழுக்க நூல் ஒட்டியிருந்தது. டாக்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். விரல் இரண்டு என்ற பேச்சு முடிந்துவிட்டது, கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், இப்போதே. அவள் கையெழுத்துப் போட்டாள். அழவில்லை. வராந்தாவுக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

"செவ்வாக்கெழமை ஒங்க வாசல்ல நின்னு ஒங்க மொகத்தத்தானக்கா பாத்தாரு? டாக்டர் சொன்னத அவரு கேக்கல. நான் சொன்னதக் கேக்கல. நீங்க சொன்னா போயிருப்பாரு. 'போங்க'ன்னு ஒத்த வார்த்த சொன்னா ஒங்க வாயில உள்ள முத்தா உதுந்துரும்? ரெண்டு வெரலோட போயிருக்கும்லா?"

"மன்னிச்சிரு ரூபி" என்றேன்.

"அத அவருகிட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பெஞ்சில் இடமிருந்தது. நான் நின்றுகொண்டேதான் இருந்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்தது. ஆனால் ஆபத்து முடியவில்லை. காலை எடுத்த இடத்துக்கு மேலே இன்னும் சிவப்பு இருந்தது. அது இறங்கினால் முழங்கால் பிழைக்கும். ஏறினால் முழங்காலுக்கு மேலே வெட்ட வேண்டும், அதற்கும் மேலே போனால் ஆளே இல்லை. நாலைந்து நாள் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். வார்டில் ஒரு முஸ்லிம் நர்ஸ் இருந்தார். அவர் பெயரை முதல் நாள் கேட்கத் தோன்றவில்லை, நன்றாகப் பழகிய பிறகு கேட்க வெட்கமாகிவிட்டது. அவர் வந்து, சிவப்பு முடிகிற இடத்தைச் சுற்றி பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"டாக்டர் செய்ய வேண்டியதச் செஞ்சாச்சு. மருந்து ஏறுது. இனி இது கோட்டுக்கு மேல போகுதா, கீழ எறங்குதான்னு பாக்கணும். மணிக்கு ஒருக்கா பாருங்க. கையோட பின்பக்கத்த வச்சு சூடு தெரியுதான்னு பாருங்க. கோட்டத் தொட்டா செத்த நேரம்கூட நிக்காம என்னயக் கூப்பிடுங்க."

"தாண்டாதுன்னு விசுவாசிக்கேன்மா" என்றேன். பழக்க தோஷம்.

அவர் சிரிக்கவில்லை. "நல்லா விசுவாசிங்க. நானும் துஆ கேக்கேன். ஆனா பாத்துக்கிட்டே விசுவாசிங்க" என்றார்.

நான் கேட்ட பிரசங்கங்களுக்கு அளவில்லை. காத்திருப்பைப் பற்றி மட்டுமே ஒரு மூட்டை கேட்டிருப்பேன், நானே அரை மூட்டை கொடுத்திருப்பேன். அந்த வார்டில் நின்றுகொண்டுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் இத்தனை காலமும் காத்திருப்பது என்று நினைத்தது கண்ணை மூடிக்கொள்வதை.

மறுநாள் பெந்தெகொஸ்தே ஆராதனை. அறிவிப்பு வாசிக்க எழுந்தவள், எழுதி வைத்திருந்ததை மடித்து வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை என் வாசலில் நடந்ததைச் சபைக்கு முன்னால் சொன்னேன். கட்டத்துக்காகப் பேசாமல் இருந்தேன் என்பதையும் சொன்னேன். பண்டிகை நாளில் இதெல்லாம் தேவையா என்று முன்வரிசையில் ஒரு முனகல் கேட்டது. போதகர் ஐயா கையைக் காட்டி, அவங்க முடிக்கட்டும் என்றார். முடித்தேன். பிறகு சொன்னேன்: "ஆஸ்பத்திரியில ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஆள் வேணும். கோட்டைப் பாக்கணும், அவருக்குச் சாப்பாடு கொடுக்கணும், ரூபியக் கொஞ்சம் தூங்க விடணும். பேர் கொடுங்க." சங்கிலி ஜெபத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் அறுபது பேருக்கு மேல். வார்டுக்குப் பதினோரு பேர். குறையாகச் சொல்லவில்லை, அந்தப் பதினோரு பேர் போதுமானதாக இருந்தது.

இதற்குப் பிறகு ஒன்று நடந்தது. என் தப்பைவிட இதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் இது உங்கள் சபையிலும் கட்டாயம் நடக்கும்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு உட்கார வந்தவர் சபைக் கமிட்டியில் ஒரு பெரியவர். நல்ல மனிதர், ஜெபவீரர் என்று பெயரெடுத்தவர். நான்கு மணிக்கு நான் போனபோது கட்டில் பக்கத்தில் கண்ணை மூடி உதடு அசைய உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். போர்வையை விலக்கினேன். சிவப்பு ஒரு பக்கத்தில் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை மேலே ஏறியிருந்தது. கையின் பின்பக்கத்தை வைத்தேன், சுட்டது.

"ஐயா, இதப் பாத்தீங்களா?"

"வந்ததுமே பாத்தேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"தாண்டிருச்சுன்னு எப்படிம்மா வாயால அறிக்க பண்றது? அது அவிசுவாசம்லா? அதான் பொறுமையா ஜெபத்துல காத்திருக்கேன்."

அவர் பேசப் பேச எனக்கு என் குரல்தான் கேட்டது. திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை, நேரமும் இல்லை. நர்ஸ் அறைக்கு ஓடினேன். டாக்டர் வந்தார். புண்ணை மறுபடி திறந்து, உள்ளே கட்டியிருந்ததை எடுத்து, மருந்தை மாற்றினார்கள். ஒரு மணி நேரம் போனது போனதுதான், இன்னும் ஒரு மணி நேரம் போகாமல் பிடித்துவிட்டோம். அந்தப் பெரியவர் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் போய், "ஐயா, நம்ம கண்ணுக்குத் தெரியுறதச் சொன்னா கர்த்தர் கோவிக்க மாட்டாரு. அவருக்கு ஏற்கெனவே தெரியும்" என்றேன். அவர் அழுதுவிட்டார். மறுநாளும் அதே மூன்று மணிக்கு வந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போர்வையை விலக்கிப் பார்த்து, கடைசியில் நர்ஸிடமே திட்டு வாங்கினார்.

புதன்கிழமை சிவப்பு அப்படியே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. செய்வதற்கு ஒன்றும் பாக்கியில்லை. மருந்து ஏறிக்கொண்டிருந்தது, சர்க்கரை கட்டுக்குள் வந்தது, டாக்டர் பார்த்துவிட்டுப் போனார். நானும் ரூபியும் கட்டிலின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னோடு பேசவில்லை. அன்றைக்கு நான் ஜெபித்தேனே, அதுதான் என் வாழ்க்கையில் முதல்முதலாக உண்மையாகக் காத்திருந்த நாள் என்று சொல்வேன். கர்த்தரிடம் எந்த ஏற்பாடும் பேசவில்லை. உம்முடைய கையில் இருக்கிறது, என் கை செய்ய வேண்டியது எதுவும் மீதி இருந்தால் காட்டும், செய்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தோடு நிமிர்ந்து உட்கார முடிந்தது.

வியாழக்கிழமை காலை நர்ஸ் வந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து, பழைய கோட்டுக்கு இரண்டு விரல்கடை கீழே புதுக்கோடு போட்டார். "எறங்கிருச்சு" என்றார். ரூபி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அதுவரை அவள் அழுததை நான் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் அண்ணாச்சி நன்றாகக் கண் விழித்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஏற்கெனவே மூன்று முறை கேட்டிருந்தேன், மயக்கத்தில் அவர் காதில் விழவில்லை.

"நீங்க சொல்லியிருக்கணும் சிஸ்டர். அது வாஸ்தவம். ஆனா என் பங்கும் இருக்குல்லா? நான் கர்த்தருக்குக் காத்திருக்கேன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். யோசிச்சுப் பாத்தா நான் எங்க காத்திருந்தேன்? அவருக்கு நாள்ல்லா குறிச்சேன். பெந்தெகொஸ்தே அன்னைக்குச் சொகமாக்கணும்னு அவருக்குத் தேதி கொடுத்துட்டு உக்காந்திருந்தேன். அவரு டாக்டர் வாயால புதன்கெழமை பத்து மணின்னு தேதி கொடுத்தாரு. எனக்கு அது பிடிக்கல."

இப்போது அவருக்குச் செயற்கைக் கால். அதே கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள், பேண்டேஜை மடித்து பாக்கெட் போடுகிற பிரிவு. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவார். படியேற மட்டும் யாராவது கை கொடுக்க வேண்டும்.

நான் காத்திருப்பை நம்பாமல் போய்விட்டேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். முன்னைவிட இப்போது அதிகமாக நம்புகிறேன். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருஷமும் பத்து நாள் கூட்டத்தை நான்தான் நடத்தினேன், சார்ட்டும் போட்டேன். ஒரே ஒரு வித்தியாசம், எந்தக் கட்டம் காலியானாலும் நான் கவலைப்படுவதில்லை. பெயர் கொடுத்தவர் அந்த நேரத்தில் தாயைக் குளிப்பாட்டப் போனேன் என்று சொன்னால், சந்தோஷமாக நானே போய் உட்கார்ந்தேன். நம்மிடம் வருகிறவர்கள் நம் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நீங்கள் டாக்டர் இல்லை, வக்கீல் இல்லை, எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் கடமை ஒரு பக்கம் கூப்பிடுவது வெட்டவெளிச்சமாகத் தெரிகிறபோது, 'ஜெபித்து முடிவெடுங்கள்' என்று சொல்லி ஜெபத்துக்குப் பின்னால் ஒளியாதீர்கள். கூடவே கிளம்புங்கள். போகிற வழியெல்லாம் ஜெபிக்கலாம், தடுக்க ஆளில்லை.

இன்னொன்றுக்கும் நான் காத்திருக்க வேண்டியிருந்தது. ரூபிக்கு. காயத்துக்குக் கட்டு மாற்றும் நாட்களில் இரண்டு மாதம் நான் அவர்களோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனால் காப்பி கொடுப்பாள், பேச மாட்டாள். மன்னித்துவிட்டாயா என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்கவில்லை. கேட்டால் அவள் ஆமாம் என்று சொல்லியாக வேண்டும், நாம் சபையில் அப்படித்தான் ஒருவரை ஒருவர் நெருக்குகிறோம். நான் போவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு வருஷம் போயிற்று, இரண்டாவது வருஷமும் பாதி போயிற்று.

அவர்கள் மகள் ஷீலாவைச் சோழபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் உண்டாகி எட்டாவது மாதம். தாயும் பிள்ளையும் இன்றைக்கு நன்றாக இருக்கிறார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் காலை பதினோரு மணி இருக்கும், ரூபியின் நம்பரிலிருந்து போன் வந்தது. அந்த ஒன்றரை வருஷத்தில் அவள் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, ஷீலாவுக்கு விடிஞ்சதுலருந்து தலவலி. கண்ணு மங்குதுங்கா. காலு மொகமெல்லாம் வீங்கிருக்கு. ஆட்டோவுல ஏத்தியாச்சு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். ஒங்ககிட்ட கேக்கதுக்குக் கூப்பிடல. ஜெபிக்கச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"சரி ரூபி" என்பதற்குள் வைத்துவிட்டாள். 'கேக்கதுக்குக் கூப்பிடல' என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்று குத்தியது. குத்தின இடத்திலேயே சந்தோஷமாகவும் இருந்தது. என்னிடம் கேட்காமல் கிளம்பத் தெரிந்த ஒரு பெண், கிளம்பிய பிறகும் ஜெபிக்கச் சொல்லிக் கூப்பிட என்னை நினைத்திருக்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

போய்ச் சேரும்போது ஷீலாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்ததாம், உடனே பிள்ளையை எடுக்கிறார்களாம். இன்னும் அரை மணி நேரம் கழித்து வந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்களாம். வராந்தா பெஞ்சில் ரூபி தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பெஞ்சில் பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காருங்கக்கா" என்றாள். "நம்ம செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. இனி காத்திருப்போம்."